குடியிருக்கப் போவது யார்

டொலிடோ, ஒஹாயோ
1996 செப்டம்பர் 9

ஹார்லன்,

பயப்படாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கடிதம் போட்ட மறுநாளே இன்னொன்று வந்தால் நீ பயந்துவிடுவாய் என்று தெரியும். அதனால்தான் இதை முதலில் சொன்னேன்.

நான் ஒரு டிரெய்லர் வீடு, அந்தச் சக்கரம் வைத்த தகர வீடு, பார்த்திருக்கிறேன். விற்பனைக்கு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் சில்வர் மேப்பிள் பார்க் என்று டிரெய்லர்களாக நிறுத்தியிருக்கிற இடம் ஒன்று இருக்கிறதே, நீ ஒவ்வொரு தடவையும் "இங்கெல்லாம் யார் இருப்பார்கள்" என்று கேட்பாயே, அங்கேதான். ஸ்டான்சாக் என்று ஒரு பெரியவருடையது. கண்ணாடி ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். அரிசோனாவில் மகள் கூப்பிடுகிறாள், குளிர் வருவதற்குள் கிளம்ப வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். வீடு எழுபத்து மூன்றில் செய்தது. பன்னிரண்டு அடி அகலம், அறுபது அடி நீளம். உள்ளே நின்றால் பேருந்துக்குள் நிற்பது போலத்தான் இருக்கிறது. ஆனால் சமையலறை ஜன்னல் கிழக்கே பார்க்கிறது.

என் கணக்கு இதுதான். ஜனவரியில் நீ கப்பலை விட்டு ஒரேயடியாக இறங்கிவிடுவாய். முழங்கால் இரண்டும் ஏணி ஏற மாட்டேன் என்கின்றன, சரி. ஆனால் ஓய்வூதியம் முழுசாய் வர இன்னும் சில வருஷம் இருக்கிறது. அதுவரை கைக்கு ஏதாவது வரவேண்டும். இதை வாங்கி வாடகைக்கு விட்டால் மளிகைச் செலவுக்காவது ஆகும். கேட்கிற விலை நாலாயிரத்து ஐந்நூறு. சேமிப்பில் இருக்கிறது.

விலை இவ்வளவு குறைவாக இருப்பதுதான் எனக்கே பயமாக இருக்கிறது. குளியலறையில் தரை கொஞ்சம் அமுங்கியது மாதிரி இருந்தது. நான் கனமாகிவிட்டேனா, தரை இளகிவிட்டதா, தெரியவில்லை.

ஃபோனில் கூப்பிடாதே. போன தடவை துறைமுகத்து ஃபோனில் உனக்குப் பின்னால் வரிசையாக நின்றவர்கள் உன்னை அவசரப்படுத்தினார்கள், நீ என்னிடம் கத்தினாய், நான் வைத்துவிட்டேன். அது போதும். இது எழுத்திலேயே நடக்கட்டும்.

மாத முடிவுக்குள் அவருக்குப் பதில் சொல்ல வேண்டும். நீ வேண்டாம் என்றால் வேண்டாம். ஆனால் யோசித்துவிட்டு வேண்டாம் என்று சொல். வழக்கம்போல் வேண்டாம் என்று சொல்லிவிட்டு யோசிக்காதே.

நடீன்


சுப்பீரியர் ஏரி, டுலூத் போகும் வழியில்
செப்டம்பர் 14

நடீன்,

வேண்டாம்.

யோசித்துவிட்டுத்தான் சொல்கிறேன். டெட்ராய்டிலிருந்து இங்கே வரும்வரை அதே யோசனைதான்.

உன் கடிதம் நனைந்து வந்தது. டெட்ராய்ட் ஆற்றில் தபால் படகு வந்து கப்பலை ஒட்டியது, நம் ஆள் வாளியைக் கயிற்றில் இழுத்தான், பாதியில் தும்மினான். வாளி சாய்ந்துவிட்டது. ஆர்வில்லின் புது மூக்குக்கண்ணாடி பெட்டியோடு ஆற்றில் போயிற்று. சமையற்காரருக்குக் கண் தெரியாவிட்டால் என்ன ஆகும் என்று இந்த வாரம் முழுக்கச் சாப்பிட்டுத் தெரிந்துகொள்கிறோம். உன் கடிதத்தை ஹீட்டர் மேல் வைத்துக் காயவைத்துப் படித்தேன்.

ஆர்வில்லின் தங்கை இப்படி ஒரு டிரெய்லர் பார்க்கில்தான் இருக்கிறாள், சாகினாவில். அவரிடம் கேட்டேன். கரண்டியை ஆட்டிக்கொண்டே சொன்னார்: "ஹார்லன், அதுல வீடு உன்னது, மண்ணு இன்னொருத்தனுது. வீட்டு விலை வருஷா வருஷம் எறங்கும். மண்ணு வாடகை வருஷா வருஷம் ஏறும். நடுவுல நீ நசுங்குவ."

அவர் சொன்ன இன்னொரு விஷயம்தான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. எழுபத்தாறில் அரசாங்கம் இந்த வீடுகளுக்குச் சட்டம் போட்டது. அதற்கு முந்தியதை வேறு பார்க்கில் உள்ளே விடுவது அபூர்வமாம். அதாவது பார்க்குக்காரன் நாளைக்கு வாடகையை இரட்டிப்பாக்கினால் நீ வீட்டைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. பெயர்தான் நகரும் வீடு. நகராது.

நீ கேட்க மாட்டாய் என்று தெரியும், அதனால் இதையாவது செய். கீழே படுத்து அடித்தளத்தைப் பார். சுவருக்குள் ஓடுவது தாமிரக் கம்பியா அலுமினியமா என்று பார். அந்தக் காலத்தில் அலுமினியம் போட்டார்கள், சூடேறும், டிரெய்லர் தீப்பிடித்தால் நின்று சட்டை மாட்ட நேரம் இருக்காது. தரை அமுங்குகிற இடத்தில் குதிகாலால் அழுத்திப் பார். குதிக்காதே.

மளிகைக்கு வேறு வழி பார்க்கலாம். நான் எங்காவது காவல் வேலைக்குப் போகிறேன். உட்கார்ந்து செய்கிற வேலைதானே.

ஹார்லன்


டொலிடோ
செப்டம்பர் 20

ஹார்லன்,

கீழே படுத்தேன். உன் பழைய மேலங்கியைப் போட்டுக்கொண்டு, டார்ச் விளக்கோடு. நம் தெருவில் யாராவது பார்த்திருந்தால் போலீசைக் கூப்பிட்டிருப்பார்கள். அந்தப் பார்க்கில் ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சுற்றி அடித்திருந்த தகரத்தை ஸ்டான்சாக் கழற்றிக் கொடுத்தார். "பாத்துப் போம்மா. உள்ள ஒரு பூனைக் குடும்பம் இருக்கு. அதுங்க வாடகை குடுக்கறதில்ல" என்றார்.

சக்கரங்கள் இன்னும் இருக்கின்றன. அச்சும் இருக்கிறது. டயர் மட்டும் தொட்டால் உதிர்கிறது. "வர்றப்ப ஓடி வந்துச்சு, அதோட சரி" என்றார். பெரிய இரும்புச் சட்டம் துருப்பிடித்திருக்கிறது, ஆனால் சுத்தியால் தட்டினால் கணீரென்கிறது. ஒரு மூலையில் முட்டுக்கொடுத்த கல் மண்ணில் இறங்கிவிட்டது. அதனால் சமையலறை ஒரு பக்கமாகச் சரிந்திருக்கிறது. முட்டையை மேஜையில் வைத்தால் உருண்டு போகும்.

கம்பி அலுமினியம்தான். நீ சொன்னது சரி. அடுப்புக்குப் பக்கத்துப் பிளக்கைச் சுற்றிப் பழுப்பாக ஒரு வட்டம். அவர் அதை மறைத்துக் காலண்டர் மாட்டியிருந்தார். நான் காலண்டரைத் தூக்கியதும் அவர் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை, பாவம் என்று இருந்தது.

குளியலறையில் ஒரு மிதியடி விரித்திருந்தார். அதை எடுத்துவிட்டுக் குதிகாலை வைத்தேன், உள்ளே போயிற்று.

"ஏங்க, இங்க தரையே இல்லீங்களே?"

"அங்க மிதிக்காம இருந்தா ஒண்ணும் ஆகாதும்மா. நாங்க மிதிச்சதேயில்ல."

உன்னிடம் எதையும் மறைக்கவில்லை, பார். எல்லாக் குறையையும் எழுதிவிட்டேன். ஆனால் இதையும் எழுத வேண்டும். கடைசி அறை சின்னதுதான், ஆனாலும் ஜன்னலுக்குக் கீழே தையல் மிஷின் சரியாக உட்காரும். காலை வெளிச்சம் நேராக ஊசியில் விழும். மதியத்துக்கு மேல் அந்தப் பார்க்கில் ஒரு சத்தமும் இல்லை. அங்கே ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை. ஸ்டான்சாக் வந்து "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

இன்னொன்று. நீ கத்தப் போகிறாய். முன்பணம் கொடுத்துவிட்டேன். நான் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே ஒரு இளம் ஜோடி வந்து கதவைத் தட்டி விலை கேட்டார்கள். கை தானாகப் பைக்குள் போய்விட்டது. நூறு டாலர்தான். வேண்டாம் என்றால் திருப்பித் தருவதாகச் சொன்னார். தருவாரா என்று தெரியாது.

நடீன்


ஹ்யூரன் ஏரி
செப்டம்பர் 25

நடீன்,

நான் வேண்டாம் என்று எழுதினேன். நீ படுத்துப் பார்த்தாய், தட்டிப் பார்த்தாய், சரிவு, தீ, ஓட்டை மூன்றையும் கண்டுபிடித்தாய், பிறகு பணம் கொடுத்தாய். எந்த ஊர் வியாபாரம் இது?

நூறு டாலர் போனால் போகட்டும். அது எனக்குப் பெரிதில்லை. எனக்குப் பெரிதாக இருப்பது தையல் மிஷின்.

வாடகைக்கு வருகிறவனுக்கு எதற்குத் தையல் மிஷின்? ஊசியில் வெளிச்சம் விழுந்தால் அவனுக்கு என்ன? இதை யோசித்துக்கொண்டே சுக்கானைப் பிடித்திருந்தேன். கப்பல் வழி விலகியிருந்தது, மாலுமி அதிகாரி தோளைத் தொட்டார். "ஹார்லன், நாம கனடாவுக்குப் போறமா?" என்றார். இத்தனை வருஷத்தில் என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை.

பிறகு ஆர்வில் சாப்பாட்டு மேஜையில் வந்து உட்கார்ந்தார். அவர் தங்கையிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. நம் விஷயத்தை அவளுக்கு எழுதியிருக்கிறார், கப்பலில் இருபத்தைந்து பேருக்கும் நம் விஷயம் தெரியும், அதை விடு. அவள் எழுதியிருக்கிறாள்: அந்த மாதிரிப் பார்க்குகள் பலவற்றில் வாடகைக்கு விடவே கூடாதாம். யார் பெயரில் வீடோ அவர்களேதான் குடியிருக்க வேண்டும். மீறினால் காலி பண்ணச் சொல்லிவிடுவார்கள். வீட்டைத் தூக்கவும் முடியாது. அப்படியே விட்டுவிட்டு வரவேண்டியதுதான்.

ஆர்வில் மெல்லக் கேட்டார்: "ஒங்க வீட்டம்மாவுக்கு இது தெரியுமா?"

தட்டோடு எழுந்துவிட்டேன். தெரிந்துதான் செய்கிறாயா, தெரியாமல் செய்கிறாயா? எது மோசம் என்று எனக்கே தெரியவில்லை.

பார்க் ஆபீசில் போய்க் கேள். பூசி மெழுகாமல் எனக்கு எழுது. அந்த வீட்டில் குடியிருக்கப் போவது யார், நடீன்?

ஹார்லன்


டொலிடோ
அக்டோபர் 1

ஹார்லன்,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை கிழித்துவிட்டேன்.

உன் கடிதம் வந்த அன்றே பார்க் ஆபீசுக்குப் போனேன். அங்கே மேலாளர் டாம்ப்ரோ என்று ஒரு பெண். மேஜையில் மிட்டாய்க் கிண்ணம், சுவரில் பூட்டுப் போட்ட சாவிப் பெட்டி. நான் வாடகை விஷயத்தைக் கேட்டதும் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

"வாடகைக்கெல்லாம் விடக் கூடாதும்மா. இங்க அந்த வழக்கமே கெடையாது. பேப்பர்ல யார் பேரோ அவங்கதான் இருக்கணும். ஸ்டான்சாக் சொல்லலியா?"

"சொல்லல."

"அவர் சொல்ல மாட்டாரு. சரி, யாரு இருக்கப் போறது?"

சத்தியமாகச் சொல்கிறேன், அவள் எதிரே நாற்காலியில் உட்காரும்வரை வாடகைக்கு என்றுதான் நினைத்திருந்தேன். உன்னிடம் பொய் சொல்லவில்லை. அவள் கேட்டதும் "மன்னிக்கணும், தெரியாம வந்துட்டேன்" என்று எழுந்திருக்க வேண்டும். எழுந்திருக்கவில்லை. வாயைத் திறந்தேன், "நான்" என்று வந்தது.

அவள் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "தனியாவா?"

"தெரியல" என்றேன். ஒரு மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன், அதற்குமேல் பேச வேண்டாமே என்று.

இனி மென்று முழுங்குவதில் அர்த்தமில்லை. ஹார்லன், கல்யாணமாகி இருபத்தொன்பது வருஷம். வருஷத்தில் ஒன்பது மாதம் இந்த வீட்டில் நான் தனி. ஏரி உறைந்ததும் நீ வருவாய். வாசலில் உன் பையைப் பார்த்தால் எனக்கு இன்னும் நெஞ்சு படபடக்கும். அது உண்மை. ஒரு வாரம் கழித்து என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியுமா? வாணலிக் கைப்பிடிகளை எல்லாம் உள்பக்கமாகத் திருப்பி வைப்பாய். அலமாரிக் கதவுகளுக்குக் கொக்கி போடுவாய். தட்டு வழுக்கக் கூடாது என்று மேஜை விரிப்பை நனைத்துப் போடுவாய். நம் வீடு ஆடுவதில்லை, ஹார்லன். நான் காய்ந்த விரிப்பில் சாப்பிட ஆசைப்படுகிறேன் என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. மார்ச்சில் போய்விடுவாயே, எதற்குச் சொல்வது என்று விட்டுவிடுவேன். விடியுமுன் எழுந்து கூடத்தில் மேலும் கீழும் நடப்பாய், பிறகு வெளியே போய்க் காரில் உட்காருவாய். சிகரெட்டுக்கு என்று நினைத்து நானும் ஒன்றும் கேட்கவில்லை.

மார்ச்சில் உன்னைக் கப்பலில் ஏற்றிவிட்டு அழுதுகொண்டே வண்டி ஓட்டி வருவேன். நம் தெருவுக்குள் திரும்பும்போது ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருப்பேன். அது நினைவுக்கு வந்தால் எனக்கே வெட்கமாக இருக்கும்.

இந்த ஜனவரியில் நீ வருவாய், மார்ச் வரும், நீ போக மாட்டாய். கோடையிலிருந்து அது நெஞ்சில் கல்லாக உட்கார்ந்திருக்கிறது. உன்னைப் பிடிக்காமல் இல்லை. உன்னை விட்டுப் போகவும் இல்லை. சாத்திக்கொள்ள எனக்கு ஒரு கதவு வேண்டும் போல இருந்தது, அவ்வளவுதான். அதற்கு முதலீடு என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

இதை எழுதியது தப்பா, எழுதாமல் இருந்திருந்தால் தப்பா?

நடீன்


டுலூத்
அக்டோபர் 7

கிடைத்தது. எழுதுகிறேன்.

ஹா.


டொலிடோ
அக்டோபர் 16

ஹார்லன்,

"எழுதுகிறேன்" என்று நீ ஒரு சொல் எழுதி ஒன்பது நாளாகிறது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

நேற்று முழுக்க ரேடியோவில் சுப்பீரியர் ஏரியைப் பற்றித்தான் பேச்சு. அலை இருபது அடி என்றார்கள். நான் அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்து, பொங்கி அணைந்து, வீடெல்லாம் தீய்ந்த நாற்றம். நீ கோபத்தில் எழுதாமல் இருக்கிறாயா, காற்றில் எழுத முடியாமல் இருக்கிறாயா என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன். முதலாவது என்றால் உன்மேல் எனக்குக் கோபம். இரண்டாவது என்றால் நான் கோபப்பட்டதற்காக என்மேல் எனக்கு ஆத்திரம். மாற்றி மாற்றி இதேதான்.

கடைசியில் கப்பல் கம்பெனிக்கு ஃபோன் செய்தேன். அங்கே ஒரு பெண் தேடிப் பார்த்துவிட்டு, "வொயிட்ஃபிஷ் வளைகுடாவுல நங்கூரம் போட்டு ஒதுங்கியிருக்காங்க. பயப்படாதீங்க, அங்க காத்து அவ்வளவு இல்ல" என்றாள். ஃபோனை வைத்துவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். கதவு வேண்டும், தனியாக இருக்க வேண்டும் என்று எழுதிய அதே பெண்தான்.

ஸ்டான்சாக் இரண்டு தடவை வந்துவிட்டார். அரிசோனாவுக்கு விமானச் சீட்டு வாங்கிவிட்டாராம். அந்த இளம் ஜோடி முழுப்பணத்தோடு வந்து நிற்கிறதாம். "உனக்காகத்தான் நிறுத்தி வச்சிருக்கேன். அடுத்த வார வெள்ளி வரைக்கும். அதுக்கு மேல என்னால முடியாதும்மா" என்றார். வெள்ளி என்றால் இருபத்தைந்தாம் தேதி.

நீ சரி என்று சொல்ல வேண்டாம். திட்டியாவது எழுது. உன் கையெழுத்தைப் பார்த்தால் போதும்.

நடீன்


வொயிட்ஃபிஷ் வளைகுடா, நங்கூரத்தில்
அக்டோபர் 17

நடீன்,

காற்று அடங்கிவிட்டது. நாளை கிளம்புகிறோம். ஆறு வந்ததும் இதைத் தபால் படகில் கொடுத்துவிடுவேன்.

கோபத்தில்தான் எழுதாமல் இருந்தேன். பிறகு காற்று வந்தது. காற்று வந்ததும் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. சுக்கான் கையில் இருந்தால் வேறு எதற்கும் இடமில்லை. நங்கூரம் போட்ட பிறகு படுத்துக்கொண்டு உன் கடிதத்தை எடுத்தேன். வாணலி, கொக்கி, விரிப்பு எல்லாம் உண்மை. எனக்குத் தெரியவே தெரியாது. வீட்டில் உதவியாக இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் காரில் உட்காருவது சிகரெட்டுக்கு இல்லை. நான் எண்பத்தொன்பதிலேயே விட்டுவிட்டேன். என்ஜினைப் போட்டுவிட்டு உட்காருவேன். அந்தச் சத்தம் முதுகுக்கு அடியில் அதிர்ந்தால்தான் எனக்குக் கண் அசரும். நம் படுக்கை அசையாது, சத்தம் போடாது. வந்த முதல் வாரம் நான் தூங்குவதே இல்லை, உன் பக்கத்தில் தூங்குகிற மாதிரி படுத்திருப்பேன். உனக்குத் தெரிந்தால் வருத்தப்படுவாய் என்று சொல்லவில்லை.

ஆகவே மார்ச்சை நினைத்து நீ மட்டும் பயப்படவில்லை. எனக்கும் கோடையிலிருந்து அதே பயம்தான். இந்த முழங்காலோடு கப்பலிலும் இருக்க முடியாது, வீட்டில் எப்படி இருப்பது என்றும் தெரியாது.

நன்றாக யோசித்துவிட்டுச் சொல்கிறேன். வாங்கிவிடு. ஆனால் அங்கே நீ போகாதே, நான் போகிறேன். இப்போது இருக்கிற வீடு உன்னுடையது, அதை விட்டு நீ ஏன் கிளம்ப வேண்டும்? பன்னிரண்டு அடி அகலம் என்கிறாய். கப்பலில் என் அறை எட்டு அடி. அறுபது அடியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன் என்றுதான் கவலை. நீ ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வா. மற்ற நாளும் வரலாம். வராமலும் இருக்கலாம்.

குளியலறைத் தரையைப் பெயர்த்துப் புதுப் பலகை போட என்னால் முடியும், உட்கார்ந்துகொண்டே செய்யலாம். இறங்கிய கல்லை ஜாக்கி வைத்துத் தூக்கலாம். கம்பியை மட்டும் நான் தொட மாட்டேன், எலெக்ட்ரீஷியன் வரவேண்டும். அவன் வந்து முடிக்கும்வரை அந்தப் பிளக்கில் எதையும் சொருகாதே, காலண்டரையும் மாட்டாதே.

இது முதலீடு இல்லை, நடீன். ஆர்வில் சொன்னது அத்தனையும் சரி. போட்ட பணம் திரும்பாது. யாராவது கேட்டால் நாம் ஏமாந்துவிட்டோம் என்று சொல்லிவிடலாம்.

நீ அந்தக் கடைசி அறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய் என்று எழுதினாயே. அதைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

ஹார்லன்


டொலிடோ
அக்டோபர் 24

ஹார்லன்,

உன் கடிதம் நேற்று வந்தது. கோட்டைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றே படித்தேன். பிறகு காரில் போய் உட்கார்ந்து என்ஜினைப் போட்டுப் பார்த்தேன். உண்மைதான், முதுகில் அதிர்கிறது. ஆனால் எனக்குத் தூக்கம் வரவில்லை, நீ இருபத்தொன்பது குளிர்காலம் என் பக்கத்தில் விழித்துக்கொண்டு படுத்திருந்தாய் என்றுதான் தோன்றிக்கொண்டிருந்தது.

அப்படியே வண்டியை எடுத்துக்கொண்டு பார்க்குக்குப் போனேன். ஸ்டான்சாக் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார். சமையலறை மேஜையில் எனக்குத் தண்ணீர் வைத்தார். சரிவு இருக்கிறதே, டம்ளர் மெல்ல மெல்ல என்னை விட்டு நகர ஆரம்பித்தது. நான் யோசிக்கவே இல்லை. எழுந்துபோய்த் துண்டை நனைத்துப் பிழிந்து மேஜையில் விரித்து டம்ளரை அதன்மேல் வைத்தேன். நின்றுவிட்டது.

"எங்க கத்துக்கிட்ட?" என்று கேட்டார்.

"எங்க வீட்டுக்காரர் கப்பல்ல இருக்காரு" என்றேன்.

நீ அங்கே தனியாக இருப்பதை நினைத்துப் பார்த்தேன். குளியலறையில் உட்கார்ந்து பலகை அறைவாய், தட்டை நனைந்த துணியில் வைத்துச் சாப்பிடுவாய், விடியுமுன் அறுபது அடியும் நடப்பாய். எனக்குப் பிடிக்கவில்லை. நான் மட்டும் அங்கே இருப்பதையும் நினைத்துப் பார்த்தேன், செப்டம்பரில் இருந்த மாதிரி இனிக்கவில்லை. ஆனால் அது இல்லாமல் இந்த ஒரே வீட்டில் நாம் இருவரும் மார்ச்சைத் தாண்டுவதை நினைத்தால் இன்னும் மூச்சு முட்டுகிறது. இதையும் சொல்லிவிடுகிறேன், இனிமேல் எதையும் சொல்லாமல் விடப் போவதில்லை.

இன்று காலை கையெழுத்துப் போட்டேன். டாம்ப்ரோ பேனாவைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"போன தடவ 'தெரியல'ன்னீங்க. இப்பவாவது தெரியுமா? யாரு இருக்கப் போறது?"

"ரெண்டு பேர் பேரையும் போடுங்க. மாத்தி மாத்தி இருப்போம்."

"அப்படின்னா? நான் யாருகிட்ட வந்து பேசறது? எப்ப யாரு இருப்பீங்க?"

"யாருக்குக் கோவமோ அவங்க இருப்பாங்க."

பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். அவ்வளவுதான், போச்சு என்று நினைத்தேன். மறுபடி பேனாவை எடுத்து எழுதத் தொடங்கினாள். "எனக்கும் எங்க வீட்டுக்காரருக்கும் பக்கத்து மனை ஒண்ணு காலியா இருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றாள், எழுதிக்கொண்டே.

ஆக, வாங்கிவிட்டேன். வீடு பழசு, கம்பி மோசம், தரையில் ஓட்டை, மண் நம்முடையது இல்லை, பூனைகள் வேறு. பயம் போகவில்லை. நேற்று இருந்ததில் பாதிதான் குறைந்திருக்கிறது. மீதியை நீ வந்த பிறகு பார்க்க வேண்டும். எலெக்ட்ரீஷியன் அடுத்த வாரம் வருகிறான். சமையலறைக் கல்லை மட்டும் நீ தூக்க வேண்டாம். சரிவு அப்படியே இருக்கட்டும்.

இரண்டு சாவி கொடுத்தார்கள். ஒன்று என்னிடம். இன்னொன்றை இந்தக் காகிதத்தோடு சேர்த்து ஒட்டியிருக்கிறேன். அந்தத் தும்முகிறவனை வாளிப் பக்கம் விடாதே, இது ஆற்றில் போனால் வேறு சாவிக்கு அவள் பணம் கேட்பாள்.

சாவி இருக்கிறதே என்று நேராகத் திறந்துகொண்டு வந்துவிடாதே. கதவைத் தட்டிவிட்டு வா. உள்ளே நான் இருக்கலாம்.

நடீன்